வியாழனில் விழுந்த கடுகு வெளிச்சம்

இசக்கிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய் நிறைய பேடா இருந்ததால் தப்பித்தான்.

தாராவியில் தோல்பை தைக்கும் கார்கானா வைத்திருக்கும் அபுதாஹிர் சந்து முழுக்க இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தி மஃரிபு தொழுகை முடிந்ததும் மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு போனைப் பொருத்தி வியாழனைப் படம் பிடிப்பது அவர் பைத்தியம். அந்தக் கிரகத்தில் வால்நட்சத்திரம் மோதினால் வரும் வெளிச்சம் இங்கேயே தெரியுமாம். வருஷக்கணக்கில் காத்திருந்தார். பொறுமை போன மனைவி சாயிரா, "ரமலான் பொறக்கதுக்குள்ள ஒண்ணும் விழலைன்னா அந்தக் குழாயைக் கழட்டிருங்க. அங்க தண்ணி டாங்க் வைக்கணும்" என்று சொல்லியிருந்தாள்.

எதிர்மாடியில் இசக்கியின் வெல்டிங் பட்டறை. நேற்று சாயங்காலம் அபுதாஹிர் படம் பிடிக்கும் நேரம் பார்த்து வெல்டிங் ராடை ஒரு உரசு உரசினான். பளீர்! உடனே தகரத்துக்குப் பின்னால் பதுங்கிவிட்டான்.

இன்று, வால்நட்சத்திரம் விழுந்துவிட்டதென்று பேடா!

"சொன்ன சொல்லு சொன்னதுதான். டாங்க் வேண்டாம்" என்றாள் சாயிரா. "கீழேருந்து குடம் குடமா நானே தூக்கிக்கிடுதேன்."

இசக்கி கடித்த நாலாவது பேடாவைத் தட்டிலேயே திருப்பி வைத்தான்.

"மதினி, பொறுங்க! பாய், அது வால்நட்சத்திரம் இல்ல. நாந்தான்... வெல்டிங்."

அபுதாஹிர் கோபப்படவில்லை. போனை நீட்டினார்.

"இங்க பாருலே. இது நீ." திரை முழுக்க வெளுத்து, வியாழனே காணாமல் போனது.

"இது நீ பதுங்குன பெறவு." வியாழனின் ஓரத்தில் கடுகளவு பொட்டு ஒன்று மினுங்கி அணைந்தது. "அங்க நெருள்ல, என்னைய மாதிரியே குழாய் வச்சிருக்க நம்பிராஜனும் இதே நேரம், இதே ஓரத்துல புடிச்சிருக்காரு. ஒன் வெல்டிங் அம்புட்டு தூரம் நெருள் வரைக்குமா தெரியும்?"

"அப்ப நான்தான்னு மொதல்லயே தெரியுமா?"

"வெளுத்ததைப் பாத்ததுமே தெரியும். நீ எத்தன பேடா தின்னுட்டு ஒத்துக்கிடுதன்னு பாத்தேன்."

சந்தே கொல்லென்று சிரித்தது. சாயிரா மட்டும் இசக்கியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு இரும்பு ஸ்டாண்டு அடிச்சுக் குடு. கீழ டாங்க், மேல உங்க அண்ணன் குழாய்."

"கூலி, மதினி?"

"தின்னாச்சுல்லா?"

அன்று சாயங்காலமே இசக்கி கம்பிகளோடு மொட்டைமாடிக்கு வந்தான். தொலைநோக்கியில் கண் வைத்திருந்த அபுதாஹிர் திரும்பாமலேயே கத்தினார்:

"காலையில வாலே! சாயங்கால வெளிச்சமெல்லாம் வியாழனோட டூட்டி!"