ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

எனக்கு வாய் நீளம் என்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். திறக்க வேண்டிய ஒரே இடத்தில்தான் அது திறக்கவில்லை.

நாற்பது வருடப் பழைய பிரஸ் மெஷின். தகட்டை அமுக்கி டப்பா மூடி செய்யும். அதன் பழைய ஸ்விட்சுகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது கன்ட்ரோலர் வைத்தோம். அதற்குச் சீராக மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையை வடிவமைத்தவன் நான். மெஷினை இருபத்திரண்டு வருடமாக ஓட்டியவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

வேலை நாளில் மெஷினை நிறுத்த முதலாளி விடமாட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சோதித்தேன். காலையிலிருந்து மாலைவரை ஒரு தடங்கலும் இல்லை. மார்தட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமையே சனி பிடித்தது. மெஷின் பாதியில் நின்று, தகடு உள்ளே மாட்டி நசுங்கியது. தினமும் இதே கதை.

"பவர் சப்ளை எப்படி?" என்றார் முதலாளி.

"அது கல்லு மாதிரி இருக்கு சார்."

"அப்ப ஓட்டுறவர் கைதான் சரியில்ல. புது மெஷின் புடிக்காம வேணும்னே பண்றாரு."

"நான் எதையும் தப்பாத் தொடல சார்," என்றார் மச்சான். மூன்றாவது வாரம் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஓட்ட ஆளில்லாமல் நானே மெஷினில் நின்றேன். என் கையிலும் நின்றது. அதே நொடியில் பக்கத்துக் கொட்டகையில் பெரிய கம்ப்ரசர் உறுமிக் கிளம்பியது. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அது கிளம்பினால் கண்ணிமைக்கும் நேரம் வோல்டேஜ் விழும், கன்ட்ரோலர் அணைந்துவிடும். அந்த நேரத்துக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் கெபாசிட்டரை நான் போதிய அளவு வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரசருக்கும் லீவு.

சாப்பாட்டு இடைவேளையில் யாருக்கும் தெரியாமல் பெரிய கெபாசிட்டர்களை மாட்டினேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அடுத்த வாரம் வந்த புது ஆளுக்கு முதலாளி கைகொடுத்துப் பாராட்டினார்.

மாதக் கடைசியில் மச்சான் வீட்டுக்கு வந்தார்.

"மெஷின் இப்பவும் நிக்குதா மாப்ள?"

"இல்ல மச்சான்."

தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் கைதான் கெட்டுப்போச்சு. நல்லவேளை, உங்க பேரு கெடல. அதுக்குத்தான் பயந்துக்கிட்டே இருந்தேன்."