அல்கைதுக்கு அவள் சொன்ன பொருள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே என் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

முதல் வரி: 'சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்களுக்கும் அரபியில்...' சேச்சே, பாடம் நடத்துகிற மாதிரி இருக்கிறது.

2

இப்படி வைத்துக்கொள்வோம். கோளரங்கத்தில் வர்ணனை சொல்கிறவள் ஒருத்தி. மூன்று பெண்களில் மூத்தவள். (நான் இல்லை. எனக்கு நிலாவைத் தவிர ஒன்றும் அடையாளம் தெரியாது. பெயர்களெல்லாம் போனில் பார்த்தது.) ஆபரேஷனுக்கு முன் அவள் அப்பா கேட்கிறார்:

"அந்த ஏழு பேரையும் சொல்லும்மா. கேட்டா பயம் தெரியாது."

"துபே, மெராக், ஃபெக்தா, மெக்ரெஸ், அலியோத், மிசார், அல்கைத்."

"கடைசிக்கு என்ன அர்த்தம்?"

"நாலு நட்சத்திரம் ஒரு கட்டில்ப்பா.* பின்னாடி மூணு பொண்ணுங்க. அல்கைத் அவங்களுக்குத் தலைவி."

"கட்டிலா?" அப்பா சிரித்துவிட்டார். "இருபது வருஷமா வீட்ல உன் வர்ணனைய சத்தமா ஒத்திகை பாக்குற. எனக்கென்ன காது செவிடா?"

* பழைய அரபு வழக்கில் அது கட்டில் இல்லை, பாடை. பின்னால் வருவது செத்தவரின் மகள்கள். இதை அடிக்குறிப்பில் ஒளித்துவைத்தது என் கோழைத்தனம்தான்.

3

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. தங்கைகளோடு அவளும் பின்னால் நடந்தாள். நாலு சக்கரம், பின்னால் மூன்று பேர்.

"பின்னாடி வராதீங்கடி! முன்னாடி போங்க!"

"என்னக்கா ஆச்சு உனக்கு?"

"கேள்வி கேக்காம போங்கடி!"

இருவரையும் முன்னால் தள்ளிவிட்டுத் தானும் ஓடினாள். "வழி விடுங்கம்மா, இடிச்சிரும்!" என்று வண்டி தள்ளுகிறவர் கத்தினார்.

"விடுங்க தம்பி," என்றார் அப்பா, படுத்தபடியே. "கொஞ்சம் மெதுவாத் தள்ளுங்க."

கதவு வரைக்கும் மூவரும் அவர் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தார்கள்.

4

முடிவு ஒன்று: டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். (யார் நம்புவார்கள்?)

முடிவு இரண்டு: டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு...

மாட்டேன். இதை எழுத எனக்குக் கை வராது.

காலையில் நாங்கள் மூன்று மகள்களும் அப்பாவின் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால்தான் நடந்தோம். அப்போது எனக்கு இந்த நட்சத்திரக் கதை தெரியாது. நேரம் போகாமல் இந்த பெஞ்சில் உட்கார்ந்து எதையோ தேடியபோதுதான் கண்ணில் பட்டது. ஐந்து மணி நேரமாகிவிட்டது, ஒருவரும் வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் கண் திறக்க வையுங்கள், அது போதும். கதை கெட்டுப்போனால் போகட்டும்.