நிக்கிறதா, படுக்கிறதா

பள்ளிவாசலிலிருந்து, இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்கைத் தூக்கி வந்தவர்களால் வளவுக்குள் நுழைய முடியவில்லை. வாசலை மறித்துக்கொண்டு ஒரு லொறி நின்றது. அதன் பின்தட்டை இறக்கி, நாலு பேர் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் நீளம் இருந்தது.

முற்றத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த குரல்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. முஸ்லிம் வீட்டு மையத்துக்குப் பெட்டி எதற்கு? கபன் துணியும் மண்ணும் போதாதா? மையத்தை ஐஸில் வைத்துக்கொண்டு யாரோ வரும்வரை காத்திருக்கப் போகிறார்களாக்கும் என்று வேலியோரம் நின்ற ஒருவர் பக்கத்து ஆளின் காதில் சொன்னார். அந்தக் கதை முற்றத்தைச் சுற்றி, திரைச்சீலையைத் தாண்டி, உள்ளறையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்த நஜ்முன் நிஸாவிடம் வந்து சேர்வதற்குள், குவைத்திலிருந்து ஒரு மகன் வருகிறானாம் என்றாகியிருந்தது.

அவளுடைய புருசன் அபூதாஹிருக்கு மகன் கிடையாது. மகளும் கிடையாது. விடிய சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, நெஞ்சைப் பொத்திக்கொண்டு கதிரையில் சாய்ந்தவர், அவள் தேத்தண்ணி கொண்டு வருவதற்குள் மவுத்தாகியிருந்தார். அறைக்கு நடுவே கட்டிலில், முகம்வரை மூடிய வெள்ளைத் துணிக்குள், இப்போது அவர் கிடந்தார்.

லொறியில் வந்தது என்னவென்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் உடனே விளங்கியது. பிரீசர். ஆனால் எது? இருந்த இடத்திலிருந்தே திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள்.

படுக்கிறது.

அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படுக்கிறதையே எடுத்திருக்கிறார்.

இரண்டு மாதமாக அந்த வீட்டில் வேறு கதை இருக்கவில்லை. அபூதாஹிருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. அதோடு ஒரு மீன்பிடி வள்ளத்தில் பங்கும் இருந்தது. பங்கு மீன் நாளும் விடிய வந்துவிடும். இரண்டு பேர் எவ்வளவுதான் தின்பது? வெளிநாட்டுச் சாமான்கள் வரத் தொடங்கி, நகரத்தில் பேணாட்டின் கடையில் பிரீசர்கள் வந்திறங்கியதும் இருவரும் போய்ப் பார்த்தார்கள். ஒன்று அலுமாரி மாதிரி நின்றது, கதவைத் திறந்தால் உள்ளே தட்டுத் தட்டாக இருந்தது. மற்றது பெட்டி மாதிரிப் படுத்துக் கிடந்தது, மேல்மூடியைத் தூக்கவேண்டும். அன்றிலிருந்து வீட்டில் அதுகளுக்குப் பெயர் நிக்கிறது, படுக்கிறது.

அவளுக்கு நிக்கிறதுதான் வேண்டும். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு இடுப்புக் குனியாது. நிக்கிறதென்றால் கதவைத் திறந்து கைக்கெட்டியதை எடுக்கலாம், எது எங்கே இருக்கிறதென்று தெரியும். முன்னறையில் வைத்தால் வருகிறவர்களும் பார்ப்பார்கள். அவர் சொன்னது வேறு. நிக்கிறதைத் திறந்த உடனே குளிரெல்லாம் கால்வழியே ஓடிப்போகும். படுக்கிறதில் குளிர் கிணற்றுத் தண்ணி மாதிரி அடியில் கிடக்கும். கறண்ட் போனாலும் ஒரு நாள் தாங்கும். அறக்குளா மீனை வெட்டாமல் முழுசாகப் போடலாம். எல்லாம் நியாயம்தான். ஆனால் இடுப்பு?

"அதுக்குள்ள ஆரு குனியிற?" என்று அவள் கேட்டாள்.

"குனியிறவங்க குனிவாங்க," என்றார் அவர்.

அந்தப் பதில் அவளுக்குச் சரியாகப் படவில்லை. அதைவிடச் சரியில்லாத இன்னொன்றும் இருந்தது. கடையில் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பேணாட்டிடம் அவர் முதலில் கேட்டது விலையை இல்லை. "இதுக்குப் பூட்டு இரிக்கா?" என்று கேட்டார்.

சமையலுக்கு வைக்கிற மீனுக்குப் பூட்டு எதற்கு? அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

அவளுக்குப் பதில் தெரியும். தெரிந்ததால்தான் இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் ஒரு முள் இருந்தது.

பின்வேலிக்கு அப்பால் இருப்பது தங்கை றஹ்மாவின் வீடு. உம்மாவின் வளவை இரண்டாக்கி, ஆளுக்கொரு வீடு கட்டி, இரண்டு பிள்ளைகளுக்கும் சீதனமாகக் கொடுத்தது. றஹ்மாவின் புருசன் ஸுஹைரும் அபூதாஹிரும் ஒரே வள்ளத்தில் பங்காளிகளாக இருந்தவர்கள். மூன்று வருசத்துக்கு முன் ஸுஹைர் பங்கு வலையைச் சொல்லாமல் மூதூரில் விற்றான். அன்று அபூதாஹிர் வேலியடியில் நின்று, அக்கம்பக்கம் கேட்க, அல்லாஹ்வின் பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ணினார். இனி என்ட கையாலயோ, என்ட பெண்சாதிட கையாலயோ, ஒரு மீன் செதில்கூட உங்கட ஊட்டுக்கு வராது என்றார். கோபம் ஆறியபிறகு, பத்து ஏழைகளுக்குச் சோறு கொடுத்துச் சத்தியத்தை முறிக்கலாம் என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லிப் பார்த்தார். வாயால் வந்தது வந்ததுதான் என்றுவிட்டார் மனிதர். ஸுஹைருக்கு அதன் பிறகு நிரந்தர வேலை எதுவும் கிடைக்கவில்லை. மூன்று பிள்ளைகள்.

அடுத்த கிழமையே நஜ்முன் நிஸா மீனை வாழையிலையில் சுற்றி, கழனித் தண்ணி வாளிக்குள் அமிழ்த்தி, வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுக்கத் தொடங்கினாள். பார்க்கிறவர்களுக்கு அது றஹ்மாவின் ஆட்டுக்கு. அவர் அல்லாஹ்வின் பேரில் சொன்ன சொல்லை அவள் ஒரு வாளிக்குள் போட்டு முறித்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குத் தெரியாது என்றுதான் இருந்தாள். ஒரு நாள் பகல், சோற்றில் ஆணத்தை ஊற்றிப் பிசைந்தபடி, தலையை நிமிர்த்தாமல் அவர் சொன்னார்: "றஹ்மாட ஆடு நல்லாக் கொழுத்துப் போச்சு, என்ன?"

அடுத்த வெள்ளிக்கிழமைதான் பிரீசர் கதை தொடங்கியது.

"இத எங்க வெக்கிற?" என்று வெளியே லொறியோடு வந்திருந்த பேணாட்டிடம் கேட்டது சுபைதா, அபூதாஹிரின் மூத்த சகோதரி. பிள்ளையில்லாத தம்பிக்குத் தோப்பூரில் இன்னொரு பெண் பார்க்கச் சொல்லிப் பத்து வருசமாக நச்சரித்தவள் அவள்தான். அவர் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பாரே தவிர, ஓம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

பேணாட்டுக்குச் செய்தி தெரிந்திருக்கவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தடுமாறினார். பிறகொரு நாள் கொண்டு வாறேன் என்றார். லொறியைத் திருப்ப இடமில்லை என்று யாரோ சொன்னார்கள். கடைசியில், வந்தது வந்துவிட்டது, இறக்குங்கள் என்றாள் சுபைதா.

"பின்விறாந்தையிலதான் வைக்கச் சொன்னவர், அம்மா," என்றார் பேணாட். "நிக்கிறது அந்தப் பதிஞ்ச கூரைக்குள்ள போகாது எண்டு அவரே கயிறு பிடிச்சு அளந்து பாத்தவர். கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கட்டும், பிறகு கறண்டைப் போடுங்கோ. இந்தாங்கோ சாவி. மற்றதைப் போன கிழமையே கையோட கொண்டு போயிட்டார்."

"மத்ததா?"

"ரெண்டு சாவியெல்லோ."

திரைக்கு இந்தப் பக்கம் நஜ்முன் நிஸா நிமிர்ந்தாள். அவள் அப்படி ஒரு சாவியைக் கண்டதில்லை. காலையில் அவருடைய சட்டைப் பையைக் காலி செய்தவள் அவள்தான். பீடிக்கட்டு, வத்திப்பெட்டி, பள்ளிவாசல் ரசீது. அலுமாரிக்குள்ளும் இல்லை.

சுபைதா உள்ளே வந்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "ரெண்டு பேருக்கு ஆள் நீளத்தில ஒரு பெட்டி. அதுக்கு ரெண்டு சாவி. ஒண்டு தோப்பூருக்குப் போச்சோ என்னவோ, நான் என்னத்தக் கண்டன்."

அறையிலிருந்த பெண்கள் பாயைப் பார்த்தார்கள். குசினி வாசலில், உள்ளே வரவும் மனமில்லாமல் போகவும் மனமில்லாமல், விடியற்காலையிலிருந்தே றஹ்மா குந்தியிருந்தாள். அழுது வீங்கிய முகம். முந்தானை நுனியிலிருந்த ஒரு முடிச்சை அடிக்கடி தொட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். நஜ்முன் நிஸாவின் கண் அதில் விழுந்ததும் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

என்னத்தை மறைக்கிறாள் இவள்?

ஆண்கள் வந்து மையத்தைக் குளிப்பாட்ட எடுத்துப் போனார்கள். பின்பக்கம் மறைப்புக் கட்டித் தண்ணீர் ஊற்றும் சத்தமும், அதற்குப் பக்கத்தில் பெட்டியை விறாந்தையில் நகர்த்தும் சத்தமும் கலந்து வந்தன. கபனிட்டு, முகத்தை மட்டும் திறந்து, கடைசியாகப் பார்க்க நடு அறையில் வைத்தார்கள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். நஜ்முன் நிஸாவை இரண்டு பேர் தாங்கி எழுப்பினார்கள்.

அந்த முகத்தில் கோபம் இருக்கிறதா என்றுதான் அவள் முதலில் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. ஏதோ பகிடி சொல்லப் போகிறவர் மாதிரி வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. அதை நம்பலாமா? ஆட்டைப் பற்றிச் சொன்ன அன்றும் வாய் அப்படித்தான் இருந்தது.

"புருசன்ட குத்தம் குறையெல்லாம் பொருந்திட்டீங்களா?" என்று வாசலில் நின்று லெப்பை கேட்டார். மண்ணுக்குப் போகுமுன் மனைவி மன்னித்து, அதை வாயால் சொல்லவேண்டும்.

"பொருந்திட்டன்," என்றாள்.

சொல்லிவிட்டு நின்றாள். அவ்வளவுதானா? மற்றப் பக்கத்தை யார் கேட்பது? உங்கட சத்தியத்தை மூணு வருசமா முறிச்சவள் நான், நீங்க பொருந்திட்டீங்களா என்று யார் அவரிடம் கேட்டுச் சொல்வது? அவர் ஒரு பூட்டை வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுதான் பதில் என்றால், அது கள்ளிக்குச் சொல்கிற பதில்.

சந்தூக்கு வாசலைத் தாண்டியது. ஸுஹைரும் ஒரு முனையைத் தோளில் தாங்கியிருந்ததைத் திரையிடுக்கில் கண்டாள். கலிமாச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

அன்றைய பங்கு மீன், செய்தி தெரியாத வள்ளக்காரர்கள் விடிய வைத்துவிட்டுப் போனபடியே, குசினியில் கூடையோடு கிடந்தது. மையத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, சாப்பாடு அயல் வீடுகளிலிருந்துதான் வரும். மீன் நாறப் போகிறதே என்று சுபைதா பெட்டிக்குக் கறண்டைப் போட்டு, கூடையை உள்ளே கவிழ்த்து, மூடிப் பூட்டினாள். "என்ட தம்பி பூட்டோட எடுத்தது சும்மா இல்ல," என்று நஜ்முன் நிஸாவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஆட்களைக் கவனிக்க முன்பக்கம் போனாள்.

அசர் தொழுகை கடந்து வெயில் சாய்ந்தபோது நஜ்முன் நிஸா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்விறாந்தைக்கு வந்தாள். கூரை தலையில் தட்டுமளவுக்குப் பதிந்திருந்தது. பெட்டி அதற்குக் கீழே, றஹ்மா வீட்டுப் பக்கத்து வேலிப் படலைக்கு நேரெதிரே, சுவரோடு சுவராகப் பொருந்திக் கிடந்து உறுமியது. அவள் மூடியில் உள்ளங்கையை வைத்தாள்.

"ராத்தா."

றஹ்மா பின்னால் நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கையை நீட்டினாள். சின்னச் சாவி ஒன்று.

நஜ்முன் நிஸா அதை வாங்கவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்தாள். தோப்பூரையாவது தாங்கிக்கொண்டிருக்கலாம். இது, வேலிக்கு அந்தப் பக்கம்.

"உனக்கிட்ட எப்பிடி வந்திச்சு?"

"போன வெள்ளிக்கிழம, நான் ஆட்டக் கட்டிக்கிட்டு நிண்டன். மச்சான் வேலிக்கு இங்கால நிண்டு கூப்பிட்டார். மூணு வருசமாக் கதைக்காத மனிசன். பயந்துக்கிட்டுக் கிட்டப் போனா, அங்கேயே நில்லு எண்டார். பொறகு இத எறிஞ்சார். கையில தரல்ல ராத்தா. மண்ணில எறிஞ்சார். நான் பொறுக்கி எடுத்தன்."

"என்ன சொன்னார்?"

"பெட்டியொண்டு வருது, விறாந்தையிலதான் வைப்பன் எண்டார். மூடியத் தூக்கிறதும் நீதான், எடுக்கிறதும் நீதான். நானும் தரல்ல, உன்ட ராத்தாவும் தரல்ல. அல்லாவுக்குச் சொன்ன சொல்லு சொன்னபடி இரிக்கட்டும் எண்டார்." றஹ்மா மூக்கைத் துடைத்தாள். "ராத்தாவுக்கு நானே சொல்லிக்கிறன், நீ வாயத் தொறக்காத எண்டும் சொன்னார்."

"வேற?"

றஹ்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"சொல்லு."

"அந்த ஆட்டுக்கு இனியாச்சும் நல்ல கழனித் தண்ணி குடுக்கச் சொல்லு எண்டார்."

முன்பக்கத்தில் ஓதுகிற குரல்கள் உயர்ந்து தணிந்தன. பெட்டி ஒரு முறை குலுங்கி உறுமலை நிறுத்தியது. நஜ்முன் நிஸா சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டு வேலியைப் பார்த்தபடி நின்றாள். வேலியின் ஒரு இடத்தில், வாளி உரசி உரசிக் கிடுகு தேய்ந்திருந்தது.

பிறகு, பெட்டியைத் தாடையால் காட்டினாள்.

றஹ்மா சாவியைத் திருப்பி மூடியைத் தூக்கினாள். வெண்புகை மெல்ல எழுந்து, வெளியே வழியாமல் உள்ளேயே தங்கியது. அடியில் இரண்டு அறக்குளாவும் ஒரு பாரையும் கிடந்தன.

"எனக்குக் கை வருதில்ல ராத்தா. நீங்களே எடுத்துத் தாங்க."

பழக்கத்தில் நஜ்முன் நிஸா ஒரு அடி முன்னே வைத்துவிட்டாள். வைத்தவள் நின்றாள். இரண்டு கைகளையும் வெள்ளைச் சேலைக்குள் இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"குனிஞ்சு எடு," என்றாள்.

றஹ்மா இடுப்புவரை பெட்டிக்குள் குனிந்தாள். சின்னதைத்தான் தொட்டாள். கையைக் கட்டியபடியே நின்ற நஜ்முன் நிஸா, காலை நீட்டிப் பெட்டியை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள். தங்கை நிமிர்ந்து பார்த்ததும், கண்ணால் பெரியதைக் காட்டினாள்.