ஒன்பது பேருக்கு ஒரே அருவி

எழுதுவதில் ஏழு, படிப்பதில் எட்டு, கேட்பதில் எட்டு. வாயைத் திறந்தால் மட்டும் ஆறரை. ஒரு முறை இல்லை, இரண்டு முறை. கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகம் நகரத் திட்டமிடல் படிக்க எனக்கு இடம் கொடுத்திருந்தது. ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் ஏழு இருக்க வேண்டும், மாதக் கடைசிக்குள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அரை மதிப்பெண்ணின் எடை என்னவென்று எங்களை மாதிரி ஆட்களைக் கேட்க வேண்டும்.

பயிற்சி மையத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். அவர் எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டார், அச்சடித்துக் கொடுப்பார். கேள்வி நாற்பது, பதில் நாற்பது. பதினேழாவது கேள்வி: படம் எடுப்பதென்றால் உங்களுக்கு நகரக் காட்சி பிடிக்குமா, கிராமப்புறக் காட்சி பிடிக்குமா? அதற்கு மாஸ்டரின் பதில் கிராமப்புறம். 'சிறு வயதில் என் மாமா எனக்கு ஒரு கேமரா பரிசளித்தார். அதிகாலையில் ஓர் அருவியின் பக்கத்தில் நின்று படம் எடுத்தேன். அன்று முதல் என் ஆன்மா அமைதி அடைந்தது.'

எனக்குக் கேமரா கொடுத்த மாமா யாரும் கிடையாது. இருக்கிற ஒரே மாமா, மழைக்குக் கொடுத்த குடையை வெயில் வருவதற்குள் திருப்பிக் கேட்பவர்.

"சார், எல்லாரும் இதையே சொன்னா கண்டுபிடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க சொந்தமா யோசிச்சா தடுமாறுவீங்கம்மா. தடுமாறினா மார்க் போச்சு. ஏற்கெனவே ரெண்டு தடவ யோசிச்சுப் பார்த்துட்டீங்கல்ல?"

பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பதையும் மனப்பாடம் செய்தேன்.

வீட்டில் எனக்குத் தேர்வாளர் என் அண்ணி. முன்னறையில்தான் அவருடைய தையல் மெஷின். என்னைவிட எட்டு மாதம் மூத்தவர், அதிகாரத்தில் எண்பது வருடம். ஆங்கிலம் தெரியாது. நான் கேள்விகளின் ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நீதிபதி மாதிரி வாசிப்பார். நான் பதில் சொல்வேன். நிற்காமல் சொன்னால் தலையாட்டுவார். நின்றால் கத்தரிக்கோலால் மேஜையைத் தட்டுவார்.

தேர்வுக்கு முதல் நாள் மத்தியானம் பதினேழை வாசித்தார். நான் அருவியை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொட்டி முடித்தேன். தலையாட்டவில்லை.

"ஏன் அண்ணி? எங்கயும் நிக்கலையே."

"நிக்கல. ஆனா நாலு நாளா ஒரே ராகம். மூணாவது வரியில மூச்சு வாங்குற, அஞ்சாவது வரியில சீலிங்கப் பாக்குற. பஸ் ஸ்டாண்டுல மருந்து விக்கிறவன் இப்படித்தான் பேசுவான். ஆமா, நான் என்னதான் கேக்குறேன்?"

இரண்டு மாதமாகக் கேட்கிறார். என்ன கேட்கிறார் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதையே வீட்டுக்குள் நான் செய்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

அண்ணி குண்டூசியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா ஆன்மா, அமைதின்னு அந்தப் பாடு பட்ட? என்னைக் கேட்டா, ஆளில்லாத படமே எடுக்கக் கூடாது. மலைய மட்டும் எடுத்து வச்சு என்ன செய்ய? மலைக்கு நான் ஜாக்கெட்டா தைக்கப் போறேன்?"

"என் வேலையே ஆளில்லாம எடுக்குறதுதானே அண்ணி."

நான் வீட்டுத் தரகர் அலுவலகத்தில் இருக்கிறேன். வாடகைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்து இணையத்தில் போடுவது என் பிழைப்பு. போன வாரம் நடந்ததை அண்ணியிடம் சொன்னேன். ஐந்தாவது மாடி வீடு ஒன்று. ஜன்னலுக்கு வெளியே வானம் பிரமாதம். ஆனால் எதிர் மொட்டை மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போவாள் என்று இருபது நிமிஷம் காத்திருந்தேன். ஒரு வாளி முடிந்ததும் அடுத்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடைசியில் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டிவிட்டு அப்படியே எடுத்து வந்துவிட்டேன். முதலாளி படத்தைப் பார்த்ததும் சொன்னார்: "அந்தம்மாவ அழிச்சிடு. வர்றவங்களுக்கு வானம் போதும்."

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

"அடிப்பாவி. இதப் போய்ச் சொல்லேன். பேசுறப்ப மூக்கு எப்படி விடைக்குது பாரு."

"இதுக்கெல்லாம் எனக்கு இங்கிலீஷ் வராது அண்ணி. அருவின்னா நிக்காம வரும்."

"என்னமோ செய். நாத்தனாருக்குப் புத்தி சொல்லி எந்த அண்ணி உருப்பட்டா?"

மறுநாள் தேர்வுக் கூடத்தின் நடைபாதையில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. அந்த மாதத்தின் கடைசித் தேர்வு அதுதான் என்பதால் எங்கள் வகுப்பிலேயே ஒன்பது பேர் வந்திருந்தோம். கதவோ ஒன்றே ஒன்று. அதற்குப் பின்னால் தேர்வாளர் அம்மாவும் ஒருவரே. எங்கள் ஒன்பது பேரில் நான் ஆறாவது.

ஐந்தாவதாகப் போன மருந்துக்கடைக்காரர் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பதினேழுதான் வந்துச்சு. அருவி அவுட்," என்றார்.

"என்ன சார் சொல்றீங்க?"

"மாமான்னு ஆரம்பிச்சேன். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. 'உங்க மாமாவும் கேமரா கொடுத்தாரா?'ன்னு கேக்குறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். வேற என்ன சொல்ல, திருப்பிக் குடுத்துட்டேன்னா சொல்ல முடியும்?"

எதிர் வரிசையில் இருந்த எங்கள் வகுப்புச் செவிலியர் மெதுவாகச் சொன்னார்: "ஒரே மாமான்னா நாமெல்லாம் சொந்தக்காரங்க ஆயிட்டோம்."

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. கைக்குட்டையை வாயில் அடைத்தேன். மூக்கு வழியாக வந்தது. மருந்துக்கடைக்காரர் குலுங்கினார். செவிலியர் முழங்காலுக்கு நடுவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "பரிசளிக்க அந்த மனுஷன் எத்தனை கேமரா வச்சிருந்தாரோ," என்று யாரோ முனக, ஒன்பது பேரில் அங்கே மிச்சமிருந்த எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தோம். காவலுக்கு நின்ற அலுவலர் வந்து முறைத்தார். "சிரிக்கிற இடமாங்க இது?" இல்லை. என் ஒரு வருடம் அந்தக் கதவுக்குப் பின்னால் கிடந்தது. அதனால்தான் நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைப்பதற்குள் என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தேர்வாளர் அம்மா களைத்திருந்தார். பெயரைக் கேட்டார், வேலையைக் கேட்டார். பிறகு பதினேழைக் கேட்டார். கேட்டுக்கொண்டே பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

அருவி என் நாக்கு நுனியில் நின்றது. ராகத்தோடு நின்றது.

நகரம், என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார்.

அதற்குமேல் என்னிடம் அச்சடித்த வரி எதுவும் இல்லை. ஏன் என்று கேட்டார். நகரத்தில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் யாராவது வந்து நிற்பார்கள், அதனால் என்றேன். துணி உலர்த்திய பெண்ணைச் சொன்னேன். கொடிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று மறந்துபோனது. ஈரத் துணிகள் குடியிருக்கும் கயிறு என்றேன். அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. இறந்த காலத்தில் ஆரம்பித்து நிகழ்காலத்தில் முடித்தேன். தடுமாறினேன். நிற்கவில்லை.

கிராமப்புறத்தில் என்ன குறை என்றார்.

குறை கிராமப்புறத்தில் இல்லை, படத்தில்தான் என்றேன். ஒரு பண்ணை வீட்டை எடுக்கப் போயிருந்தேன். வலது பாதியில் மலை, இடது பாதியில் அதே மலையைக் கல்குவாரி தின்று வைத்த பள்ளம். இடது பாதியை வெட்டிவிடச் சொன்னார்கள், வெட்டினேன். இப்போது அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் என்ன அமைதி என்கிறார்கள். பள்ளத்தில் கல் உடைக்கிறவர்களைக் கேட்டால் தெரியும் அமைதி. மலையில் பாதியை மறைக்க விரல் நுனியால் ஓர் இழுப்பே போதும். நகரத்தில் அது அவ்வளவு சுலபம் இல்லை, ஒருத்தியை அழித்தால் பக்கத்து மாடியில் இன்னொருத்தி வாளியோடு வருவாள்.

"ஆனால் அழகான படம் எடுப்பதில் தவறு உண்டா?" என்று கேட்டார்.

தவறு இல்லை, யாருக்கு அழகு என்று முதலில் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் நன்றி என்றார். நான் இரண்டாவது காரணத்துக்குப் போனேன். மறுபடியும் நன்றி என்றார். மூன்றாவது நன்றிக்குக் கையையும் தூக்கிக் காட்டினார், போக்குவரத்துக் காவலர் மாதிரி. ஒலிப்பதிவுக் கருவி அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி மெஷினை நிறுத்தினார். "எப்படிப் பண்ணின?"

"சண்ட போட்டுட்டு வந்திருக்கேன்."

"ஜெயிச்சியா?"

"டைம் முடிஞ்சிருச்சு."

அதன்பின் ஒன்பது நாள் நான் மனுஷியாக இல்லை. சாப்பாட்டின்மேல் எரிந்து விழுந்தேன், அண்ணனிடம் எரிந்து விழுந்தேன், அலுவலகத்தில் ஒரு குளியலறையைத் தலைகீழாகப் படம் எடுத்தேன். தேர்வாளரிடம் தர்க்கம் செய்தவளுக்கு ஏழு கொடுக்க அவருக்கென்ன தலையெழுத்தா? ஆறு கிடைத்தாலும் கேட்க முடியாது.

பத்தாம் நாள் காலை போனில் முடிவு வந்தது. முன்னறையில் அண்ணி ஒரு வங்கி மேலாளர் அம்மாவுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து நின்றார். நான் வாசற்படியில் நின்று எண்ணைப் பார்த்தேன். மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன்.

"ஏழரை," என்றேன்.

அண்ணியின் கையிலிருந்து டேப் நழுவியது. "ஏழரைன்னா சனியா, பாஸா?"

"பாஸ் அண்ணி. அரை கூடவே."

அண்ணி என்னைத் தூக்கினார். நான் அவரைவிடக் கனம். அதெல்லாம் அப்போது யாருக்கு ஞாபகம்? சுற்றியதில் துணி மூட்டை சரிந்தது, நூல்கண்டுகள் வாசல்வரை உருண்டன. அண்ணி சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. எனக்கும் என்னைப் பற்றித் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் கால் இடறித் துணிக்குவியலின் மேல் விழுந்தோம். விழுந்த இடத்திலேயே கிடந்து கூரையைப் பார்த்துச் சிரித்தோம்.

மேலாளர் அம்மா இன்னும் கையை விரித்தபடியே நின்றிருந்தார். எங்களைக் குனிந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"நான் கையை இறக்கலாங்களா?"