தமிழ் அறிவிப்பு

சுகிர்தாவின் படத்தைப் பார்க்காமல் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரும் தப்ப முடியாது. கண்டி இளைஞர் சபையின் முகநூல் பக்கத்தில் வந்த படம். நீலச் சேலை, கையில் மைக், பின்னால் சபையின் பெரிய பதாகை. அவளுடைய அப்பா கறுப்பையா புசல்லாவை பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கைபேசியை எடுத்து நீட்டிவிடுவார். "எங்க புள்ளதாங்க. கண்டியில மைக்குல பேசுது" என்பார். படத்தில் குரல் கேட்காதது அவருடைய அதிர்ஷ்டம்.

மைக்கில் பேசியது பொய்யல்ல. யாரிடம் பேசினாள் என்பதுதான் கேள்வி. கண்டியைச் சுற்றியுள்ள இளைஞர் கழகங்கள் ஒவ்வொன்றும் ஒரு பிரதிநிதியை அனுப்பும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் நகரத்து மண்டபமொன்றில் கூடுவார்கள். கூட்டம் முழுக்கச் சிங்களத்தில் நடக்கும். ஆனால் முடிவுகளை இரண்டு மொழியிலும் அறிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியை யாரும் மீறவில்லை. தலைவர் கசுன் சிங்களத்தில் அறிவித்து முடித்ததும் சிரித்த முகத்தோடு, "இப்போது நம் சுகிர்தா நங்கி" என்று கையைக் காட்டுவான். நங்கி என்றால் தங்கச்சி. அந்த மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான். சுகிர்தா மேடையேறி, "பெருமதிப்புக்குரியவர்களே" என்று தொடங்குவாள். அந்தக் கணத்தில் மண்டபத்திலுள்ள தலைகளெல்லாம் கைபேசிக்குக் குனியும். மடவளையிலிருந்து வரும் அஷ்பாக்குக்கு வீட்டிலே பேசுவது தமிழ்தான். அவனும் அந்த நேரம் பார்த்துத்தான் வெளியே போய் யாருக்காவது கோல் எடுப்பான். அவள் நன்றி சொல்லி முடித்ததும் எல்லோரும் நிமிர்ந்து பலமாகக் கைதட்டுவார்கள்.

அவள் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவளல்ல. முதல் கூட்டத்தில் தோட்டத்தின் தேவையைச் சொல்லலாமென்று எழுந்து நின்று சிங்களத்தில் ஆரம்பித்தாள். கடையிலும் பஸ்ஸிலும் பழகிய சிங்களம். இரண்டாவது வாக்கியத்திலேயே பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா, வேறெதற்கோ சிரித்தார்களா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் முடிந்ததும் கசுன் வந்து, உனக்குத் தமிழ் எவ்வளவு அழகாக வருகிறது, இனி தமிழ் அறிவிப்பு உன் பொறுப்பு என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். அந்த நல்ல மனதுதான் அவள் வாயை ஒரேயடியாக அடைத்துப்போட்டது.

சொல்ல வந்த தேவை சின்னதுதான். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவைப் புதிதாகக் கட்டியபின், பழைய கட்டடம் சும்மா கிடந்தது. சபை ஒவ்வொரு வருடமும் ஓர் இடத்துக்குக் கணினிகளும் ஒரு ஆசிரியரும் கொடுத்து இலவச வகுப்பு நடத்துகிறது என்று கேள்விப்பட்டு, தோட்டத்து இளைஞர் கழகம் மேனேஜர் துரையிடம் பேசி அந்தக் கட்டடத்தை வாங்கியது. ஒட்டடை அடித்து, சுவருக்கு வெள்ளையடித்து, யார் யார் வீட்டிலிருந்தோ கதிரைகள் கொண்டுவந்து போட்டார்கள். பிறகு காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாதவர்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்குக் கிளம்பினார்கள். சுமன் ஹோட்டலுக்குப் போனான், அஷ்வினி கார்மென்ட்டுக்குப் போனாள். கடைசியில் கழகமென்று மிஞ்சியது சுகிர்தாவும் சஞ்சீவனியும் கட்டடத்தின் சாவியும்தான்.

சஞ்சீவனி அடுத்த லயத்து வரிசை வீட்டுக்காரி. முதலாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். சுகிர்தாவுக்கு வேறு சிநேகிதி இருந்ததில்லை, தேடியதும் இல்லை. கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் சஞ்சீவனிக்கு வேலை பார்த்து வைத்திருந்தார் அவளுடைய மாமா. அவள் அதை மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"கிளாஸ் வந்துச்சுன்னா நான் போகலடி. படிச்சிட்டு கம்பளையிலயே ஒரு வேல தேடிக்குவேன். கொழும்புல ரூமுக்குள்ள பத்துப் பேரோட படுத்துக் கெடக்க யாரால முடியும்?" என்பாள். பிறகு கேட்பாள்: "இந்தவாட்டி சொன்னியா?"

"சொன்னேன்" என்பாள் சுகிர்தா.

"என்ன சொன்னாங்க?"

"பார்ப்போம்னாங்க."

இந்தப் பொய்யை முதல்தடவை சொன்னபோது சுகிர்தாவுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்லிவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த கூட்டத்திலும் வாய் வரவில்லை. அதற்குப்பிறகு பொய் பழகிவிட்டது. பழகாதது, சஞ்சீவனி அதை அப்படியே நம்பியதுதான். ஒரு தடவையாவது சந்தேகப்பட்டுத் தொலைத்திருந்தால் சுகிர்தா அழுதாவது உண்மையைக் கொட்டியிருப்பாள்.

ஆகஸ்ட் கூட்டத்துக்குப் புறப்பட்ட காலையில் சஞ்சீவனி பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். மாமா கெடு வைத்துவிட்டார், திங்கட்கிழமை கடையில் நிற்க வேண்டும் என்றாள். "இன்னைக்கு ஒரு முடிவு கேட்டுட்டு வந்துரு. ஆமான்னா மாமாகிட்ட வரலன்னு சொல்லிருவேன். எனக்கு ஒன்ன விட்டா யாரு பேசுவா?" என்றாள். பஸ் வந்தது. கம்பளை தாண்டி, பேராதனை தாண்டி, கண்டியில் இறங்கும்வரை சுகிர்தா ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். உதடு அசைய அசைய, மண்டபத்தில் சொல்ல வேண்டிய சிங்கள வாக்கியங்களை ஒத்திகை பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா இவள் ஏதோ மந்திரம் ஜெபிக்கிறாள் என்று எண்ணிக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மண்டபத்தில் அன்று அஷ்பாக் இல்லை. அவனுடைய இடத்தில் ஜஹானா என்று ஒரு புதுப்பெண் மடவளையிலிருந்து வந்திருந்தாள். சுகிர்தாவுக்கு அடுத்த கதிரையில் உட்கார்ந்து சிரித்தாள். சுகிர்தாவும் சிரித்து வைத்தாள். அவள் மனமெல்லாம் நிகழ்ச்சி நிரலின் மூன்றாவது விஷயத்தில் இருந்தது.

மூன்றாவது விஷயம் வந்த வேகத்தில் முடிந்துபோயிற்று. கணினி வகுப்பு இந்த வருடம் கலகெதரைக்கு என்று கசுன் முன்மொழிந்தான், ஒருவன் வழிமொழிந்தான், ஆட்சேபம் உண்டா என்று கேட்டான். சுகிர்தாவின் கை மடியிலிருந்து ஓரங்குலம் எழுந்தது. எழுந்த கை தலைமுடியை ஒதுக்கிவிட்டு இறங்கிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். கலகெதரைப் பையன் எழுந்து கும்பிட்டான்.

"இப்போது நம் சுகிர்தா நங்கி" என்றான் கசுன்.

சொந்த வீட்டுச் சாவுச் செய்தியைத் தானே ஊருக்குச் சொல்லப் போகிறவள் மாதிரி அவள் மேடையேறினாள். தலைகள் குனிந்தன. "பெருமதிப்புக்குரியவர்களே, இவ்வாண்டுக்கான கணினிப் பயிற்சி வகுப்பு" என்று தொடங்கி அங்கேயே நின்றாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிறுத்தினாலும் பேசினாலும் ஒன்றுதான் என்பது அப்போது அவளுக்கு முழுசாக உறைத்தது. உறைத்ததும் ஒரு பெரிய தைரியம் வந்தது.

"கலகெதரைக்குப் போவுது" என்றாள். "போகட்டும். ரோட்டோரத்துல ஏற்கெனவே கிளாஸ் நடக்கிற ஊருக்கே போகட்டும். நாங்க பிள்ளைக் காம்பராவ கழுவி, வெள்ளையடிச்சி, கதிர தூக்கிப்போட்டு எத்தன மாசமா பாத்துக்கிட்டு இருக்கோம்னு ஒங்களுக்குத் தெரியுமா? எங்க பசங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறது ஒருத்தி. அவளும் திங்கக்கிழம போறா. அவ போனா எனக்குப் பேச ஆளில்ல. இங்க வந்தும் நான் தனியாத்தான் கத்துறேன். இத்தன பேர்ல ஒருத்தராச்சும் நான் என்ன சொல்றேன்னு கேட்டிருக்கீங்களா? இப்ப நான் ஒங்கள ஏசினாலும் கைதட்டுவீங்க. தட்டுங்க. நன்றி, வணக்கம்."

கைதட்டினார்கள். வழக்கத்தைவிட அதிகமாகவே தட்டினார்கள், ஏனென்றால் அன்றைக்கு அவள் குரலில் உணர்ச்சி இருந்தது. தமிழ் எவ்வளவு இனிமையான மொழி என்று கசுன் மைக்கில் பாராட்டினான்.

சுகிர்தா இறங்கி வந்து உட்கார்ந்தாள். நெஞ்சு லேசாகிவிட்ட மாதிரி இருந்தது, பல நாள் கட்டிவைத்திருந்த மூட்டையை இறக்கிவிட்ட மாதிரி. அந்தச் சுகம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பக்கத்துக் கதிரையில் ஜஹானா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைதட்டவில்லை.

"நீங்க சென்னது எல்லாம் எனக்கு வெளங்கின" என்றாள் ஜஹானா, தன் மடவளைத் தமிழில், மெல்ல.

சுகிர்தாவின் முகம் சிவந்து காது சுட்டது. திருட்டுத்தனமாக அழுதுகொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டாற்போல ஆயிற்று.

"இவங்களுக்கு ஒண்டும் வெளங்கல்ல. நான் சிங்களத்துல செல்லட்டா?" என்று கேட்டாள் ஜஹானா. கேட்டதோடு பாதி எழுந்தும்விட்டாள்.

"வேணாம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள் சுகிர்தா.

"ஏன் வேணாம்? அவங்களுக்கு வெளங்காத பாஷையில சென்னா ஆரு தாரது?"

புதிதாக வந்தவள், விவரம் தெரியாதவள், சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் சுகிர்தாவுக்கு அது ஊசி ஏற்றினாற்போல் ஏறிற்று. யாருக்கும் புரியாது என்ற நிச்சயத்தில்தானே அவ்வளவு வீரமாகப் பேசினோம்? புரிந்துவிடும் என்று தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்குமா? தனக்குக் காது கொடுக்கவில்லை என்று ஊரையெல்லாம் குறைசொன்னவள், காது கிடைத்துவிடுமோ என்றுதான் இத்தனை மாதமும் பயந்திருக்கிறாள். தன்னை நினைத்தே அவளுக்குக் கேவலமாக இருந்தது.

அவள் எழுந்தாள். யாரும் கூப்பிடாமல் மேடைக்குப் போவது அதுதான் முதல்தடவை. கசுன் அடுத்த விஷயத்தைத் தொடங்கியிருந்தான். ஏதோ விட்டுப்போயிற்று போலிருக்கிறது என்று மைக்கைக் கொடுத்தான்.

சிங்களத்தில் சொன்னாள். கடைச் சிங்களம், பஸ் சிங்களம். பாதி வழியில் சொல் கிடைக்காமல் கையால் வெள்ளையடித்துக் காட்டினாள். ஒத்திகை பார்த்த அழகான வாக்கியங்களில் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை. எங்களிடம் கட்டடம் இருக்கிறது, கதிரை இருக்கிறது, பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது போய்விட்டார்கள், இது எங்களுக்கு வேண்டும். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. தலைகள் எல்லாம் நிமிர்ந்திருந்தன. யாரும் சிரிக்கவில்லை. முடித்தபோது யாரும் கைதட்டவுமில்லை.

கசுன் மைக்கை வாங்கிக்கொண்டான். அவனுக்குக் கோபமில்லை, உண்மையாகவே திகைத்துப்போயிருந்தான். "நங்கி, மார்ச் மாதம் இடம் யாரிடமாவது இருக்கிறதா என்று இதே மண்டபத்தில் கேட்டேனே" என்றான் சிங்களத்தில். "அன்றைக்கு ஒருவரும் கை தூக்கவில்லை. அப்புறம் நாங்கள்தான் கலகெதரையிடம் போய்க் கேட்டோம். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது உங்களுக்குத்தான்."

அந்த மார்ச் கூட்டத்தின் அறிவிப்பையும் தமிழில் வாசித்தது அவள்தான். 'இடவசதியுள்ள கழகங்கள் தெரிவிக்கலாம்' என்று அழகாக, திருத்தமாக வாசித்திருந்தாள்.

கலகெதரைக்கு ஏற்பாடெல்லாம் ஆகிவிட்டது, இனி மாற்ற முடியாது, அடுத்த வருடம் முதலிடம் உங்களுக்கு என்று கசுன் எல்லோர் முன்னாலும் சொன்னான். சொன்னபடி செய்யக்கூடியவன்தான். கலகெதரைப் பையன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பகல் சாப்பாட்டுப் பார்சலை ஜஹானா அவளுக்கும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். சுகிர்தாவுக்கு இறங்கவில்லை.

பொழுது சாயும்போது தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். வீட்டுக்குப் போகாமல் நேரே அடுத்த லயத்துக்குப் போனாள். சஞ்சீவனி வாசலிலே நின்றிருந்தாள். உள்ளே கட்டிலில் பாதி அடுக்கிய பை திறந்து கிடந்தது. அடுக்குவதா, எடுத்து வைப்பதா என்று இவள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது போலிருந்தது.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

பார்ப்போம்னாங்க என்று சொல்ல நாக்கு தானாகவே புரண்டது. அவ்வளவு பழக்கம். சுகிர்தா அதைப் பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

"இன்னைக்குத்தான் சொன்னேன், சஞ்சீ" என்றாள். "இதுக்கு முன்னால ஒரு நாளும் சொல்லல. மார்ச்சிலயே சொல்லியிருந்தா நமக்குத்தான் கெடச்சிருக்கும். அவுங்களே சொல்லிட்டாங்க. இப்ப கலகெதரைக்குப் போயிருச்சி."

சஞ்சீவனி ஏசவில்லை. ஏசுவாள், அடிப்பாள், தலைமுடியைப் பிடித்து இழுப்பாள் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் எதிர்பார்த்து, அதற்கு ஆசைப்பட்டும் வந்தாள் சுகிர்தா. சஞ்சீவனி உள்ளே போனாள். கொடியில் கிடந்த படுக்கைவிரிப்பை உருவினாள். தனியாக மடிக்க முடியாத அளவுக்கு அது பெரியது. சுகிர்தா போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் உதறி, நீட்டி, நெருங்கி வந்து மடித்தார்கள். முனைகளைக் கைமாற்றும்போது விரல்கள் பட்டன. சஞ்சீவனி விரிப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

சுகிர்தா பையின் பிடியைத் தொட்டுப் பார்த்தாள். ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

"நாளைக்கு காலைல பஸ்ஸுக்கு நான் வர்றேன். பைய நான் தூக்கிட்டு வர்றேன்" என்றாள்.

சஞ்சீவனி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கண்ணில் கோபமில்லை, தெரியாத ஆளிடம் வழி கேட்பவள் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நெசமாவா?" என்று கேட்டாள்.

இத்தனை வருடச் சிநேகத்தில் அவள் சுகிர்தாவிடம் அப்படிக் கேட்டதே இல்லை.