நெருப்பு தின்னாத இழை

மேஸ்திரி வேடியப்பன் ஏணியில் நின்று சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் கூரை ஷீட்டின் ஓரம் பிளந்தது. உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று தறியில் ஏறியிருந்த பாவு நூலின் மேல் விழுந்தது. ஜெயச்சந்திரன் முதலில் பாவைத் தடவிப் பார்த்தார். இழை எதுவும் அறவில்லை. அப்புறம்தான் துண்டைக் கையில் எடுத்தார்.

"பாத்து தட்டுப்பா. பட்டு மேல கல்லு போடறியே."

"எப்டியும் நாளைக்கு எல்லாம் கீழதானண்ணா வரப்போவுது," என்றான் மேஸ்திரி ஏணியிலிருந்து.

நெசவாளர் தெருவில் அடுத்தடுத்து ஒட்டிய வீடுகளுக்கெல்லாம் ஒரே கூரைதான். ஜெயச்சந்திரனின் அப்பா காலத்தில் ஓடுகளை இறக்கிவிட்டு சிமெண்ட் ஷீட் போட்டார்கள். எந்த வருஷம் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. இதை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டு மாடியில் இன்னொரு தறி இறக்க வேண்டும் என்பது ஜெயச்சந்திரனின் வெகுநாள் ஆசை. நடுச்சுவர்கள் கூரை வரை ஏறாமல் பாதியில் நின்றன. இந்த வீட்டுத் தறிச்சத்தம் பக்கத்து வீட்டு தீபாவின் குழந்தைக்குத் தாலாட்டு. அது அழுதால் ஜெயச்சந்திரனின் மனைவி சுபத்ரா இங்கிருந்தே "தூளிய ஒசத்தி ஆட்டுடி" என்று குரல் கொடுப்பாள்.

ஜெயச்சந்திரன் துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். உடைந்த விளிம்பில் மயிர் மாதிரி ஏதோ குத்திட்டு நின்றது. நூல் மாதிரி ஒன்றைக் கண்டால் நெசவாளியின் விரல் சும்மா இருக்காது. நகத்தால் கிள்ளி உருவினார். சாம்பல் வெள்ளையாக ஒரு கொத்து வந்தது. சுபத்ரா வாங்கி விரலிடையில் பிரித்தாள். பிரிந்தது. பிரிந்ததைப் பிரித்தாள். அதுவும் பிரிந்தது. கூட்டுப்புழுவின் ஒற்றை இழையை அவள் அறிவாள். அதை இரண்டாக்க மனிதக் கையால் ஆகாது. இது முடிவில்லாமல் பிரிந்துகொண்டே போனது. கடைசியில் கண்ணுக்குத்தான் எட்டவில்லை. விரலுக்கு இன்னும் ஏதோ இருந்தது. பட்டு நல்லதா என்று பார்ப்பது போல அதைக் கன்னத்தில் வைத்து இழுத்தாள். கல்லுக்குள் இருந்து வந்தது இத்தனை மிருதுவாக இருக்குமா?

"இன்னாங்க இது?"

"கொளுத்திப் பாத்தா தெரிஞ்சிட்டு போவுது."

எவன் எந்த நூலைக் கொண்டுவந்து பட்டு என்று சொன்னாலும் அவர்கள் செய்வது அதைத்தான். பட்டு சுருங்கும், மயிர் கருகும் நாற்றம் வரும், நுனியில் கறுப்பாகத் திரளும், நசுக்கினால் தூளாகும். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து போகும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும். நெருப்பிடம் பொய் சொன்ன நூல் இதுவரை இல்லை.

கொத்தைத் தொடையில் வைத்துத் திரித்து, சாமி விளக்கில் காட்டினார். அது எரியவில்லை. சுருங்கவில்லை. நாற்றமும் இல்லை. சுடர் நடுவில் சிவந்து நின்றது. வெளியே எடுத்தால் முன்னைவிட வெளுப்பாக இருந்தது. மறுபடி காட்டினார். மறுபடியும் அப்படியே. அவர் முகத்தில் சுபத்ரா கல்யாணமான புதிதில் பார்த்த ஒரு களை வந்தது.

"இத்த மட்டும் நெய்ய முடிஞ்சா, எமனே வந்தாலும் கிழிக்க முடியாதுடி!"

வேடியப்பன் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். தீபா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கொத்து கைக்குக் கை போனது. ஜெயச்சந்திரன் அதை ஊதி ஊதிப் பிரித்துக் காட்டினார். கூரையின் புதுப் பிளவு வழியே ஒரு வெயில் கம்பம் இறங்கியிருந்தது. ஊதியது அதில் மின்னி மிதந்தது. குழந்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

மகளுக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று அவர்தான் போன் போட்டார். காவ்யாவுக்குச் சென்னையில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை. திரையில் அவள் முகம் தெரிந்ததும் கொத்தைக் கேமரா முன்னால் ஆட்டி, விளக்கில் காட்டி, ஊதி, எல்லாவற்றையும் மறுபடி செய்தார்.

"அப்பா, ஊதாத! கீழ வை. ஈரத்துணி போட்டு மூடு. மொதல்ல கொழந்தைய வெளிய அனுப்பு."

"இன்னா பேஜார் பண்ற? நெருப்புலயே வெச்சிப் பாத்தாச்சி. ஒண்ணும் ஆவல."

"அதான்ப்பா சொல்றேன். அது ஆஸ்பெஸ்டாஸா இருக்கும், மலையத் தோண்டி எடுக்கற கல்நாரு. நெருப்பே தின்ன முடியாதது. மூச்சுல உள்ள போனா ஒடம்பு எப்டித் தின்னும்? அங்கயே கெடக்கும். இருபது வருஷம், முப்பது வருஷம். அப்பறமா நோவு காட்டும்."

தீபா குழந்தையின் கையை விரித்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. இருந்தாலும் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டாள்.

"ஊர்ல பாதி இதுக்குக் கீழதான் இருக்குது," என்றான் வேடியப்பன். "அப்ப ஊரே செத்திருக்கணுமே பாப்பா."

"சும்மா கெடக்கறவரைக்கும் தூசு பெருசா எழும்பாதுண்ணா. ஒடைச்சாதான். பழைய கட்டடம்னா எங்க ஆபீஸ்ல சுத்தியல் தொடறதுக்கு முன்ன ஒரு துண்டு லேபுக்குப் போவும். அந்தக் காலத்துல எதை எதைக் கலந்தாங்கன்னு வெளிய பாத்து சொல்ல முடியாது."

"அத்தெல்லாம் கம்பெனிக்கு," என்றார் ஜெயச்சந்திரன். "ஆள் வந்து நிக்குது. மழை வேற வரப்போவுது. நாளைக்கு ஒடைச்சே ஆவணும்."

சுபத்ரா வெயில் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை ஊதி நேரமாகிவிட்டது. தறியடிப் பட்டுத் தூசு எப்படி இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். சுழன்று சுழன்று பாவில் வந்து உட்காரும். இது உட்காரவில்லை. ஒளியில் தெரிந்தவை நகர்ந்து, நடுச்சுவரின் மேல்விளிம்பைத் தாண்டி, அந்தப் பக்கம் போயின. அங்கே தீபாவின் குழந்தைக்குக் கட்டிய தூளி தொங்கியது. இவ்வளவு சின்னது, இவ்வளவு அழகானது. மலையைத் தோண்டி எடுத்ததாம். இனி எங்கேயும் இல்லாமல் போகத் தெரியாதது. அவளுக்குக் கைகூப்ப வேண்டும் போல இருந்தது. பயமாகவும் இருந்தது.

"நாளைக்கு ஒடைக்க வேணாம்," என்றாள்.

"நீ இன்னா எஞ்ஜினீயரா?"

"ஊதினது நாம. அது அந்தப் பக்கம் போயிகினு இருக்குது. ஒரு கிள்ளுக்கே இப்டி. மொத்தத்தையும் ஒடைச்சா தீபா எங்க போவா? லேபுல பாத்துட்டு ஒடைக்கலாம். இல்லன்னா என்னைய ஒடைச்சிட்டு ஒடைங்க."

வேடியப்பன் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டான். "ஜல்தியா சொல்லுங்க. கண்ணமங்கலத்துல ஒரு வேலை நிக்குது."

காவ்யா சொன்னபடி துண்டை நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி லேபுக்கு அனுப்பினார்கள். பிளவை ஈரச்சாக்கால் அடைத்தார்கள். தறியில் யாரும் உட்காரவில்லை. தீபா குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போனாள். ஜெயச்சந்திரன் சுபத்ராவிடம் பேசவில்லை. தெருவில் கேட்டவர்களிடம் மட்டும், "எம் பொண்ணும் பொண்டாட்டியும் கூரைக்கு ரத்தப் பரிசோதனை பண்றாங்க," என்றார். மழை இரண்டு முறை மிரட்டிவிட்டுப் போனது.

லேபிலிருந்து முடிவும் ஒரு படமும் வந்தன. ஷீட்டில் கல்நார் இருக்கிறது என்றாள் காவ்யா. படத்தை ஜெயச்சந்திரன் விரலால் பெரிதாக்கினார். கறுப்பின் நடுவே இழைக்கற்றை ஒன்று, நுனியில் விசிறியாக விரிந்து, ஒவ்வொரு விசிறிக்குள்ளும் இன்னொரு விசிறி. நெய்யத் தெரிந்த யாரோ செய்தது போல ஒழுங்காக இருந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"எவ்ளோ அழகா இருக்குது பாரு," என்றார். பிறகு, மெதுவாக, "நாந்தான ஊதினேன்."

சுபத்ரா அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அதைத் தனியாகக் கேட்டதில்லை.

காவ்யா ஏற்பாடு செய்த ஆட்கள் வந்த அன்று தெரு முழுக்க எதிர்ப்பக்கம் தள்ளி நின்றது. தறியை அவிழ்த்து முன்பே வெளியேற்றியிருந்தார்கள். முகமூடி போட்டவர்கள் கூரை மேல் தண்ணீரைத் தெளித்தார்கள். ஒருவரும் எதையும் உடைக்கவில்லை. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார்கள். முதல் ஷீட் கயிற்றில் முழுசாகக் கீழே வந்தது. தூங்கும் ஆளைத் தூக்கி வருவது போல நான்கு பேர் அதைத் தாங்கி பிளாஸ்டிக் விரிப்பில் கிடத்தினார்கள். ஈரத்தில் அது கறுத்து, அலை அலையாக மின்னியது. சலசலத்துக்கொண்டே இருக்கும் தெரு, தண்ணீர் சொட்டுவது கேட்கும் அளவுக்கு அடங்கியிருந்தது.

கூரை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. தெருக்கோடியில் தீபா நின்றாள். அவள் தோளில் விழித்துக்கொண்ட குழந்தை மேலே பார்த்தது. பிறகு சின்ன வாயைத் திறந்து, ஆழமாக, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டது. அது முடியும் வரை சுபத்ரா மூச்சு விடவில்லை.