அட்டைக்கு வந்த சமையலறை

…குழாயை மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே போயிருப்பேன், சிரிப்பை ஆரம்பித்து வைத்ததே நான்தானே, "இந்தம்மா வீட்டுல ஒருத்தரும் நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியாது, அந்தக் கண்ணைப் பாருங்க" என்று திரையில் இருந்த படத்தைக் காட்டிச் சொன்னேன், எங்கள் பத்திரிகை ஆசிரியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், வடிவமைப்பாளர்கூட, அவள் லேசில் சிரிக்கிறவள் இல்லை, அதற்கப்புறம்தான் அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் குழாயைப் பார்த்தேன், ஒழுகுகிற குழாய், அதன் கழுத்தில் நீலத் துணி, இரட்டை முடிச்சு. முடிச்சுப் போட்டது நான். துணி என் பழைய துப்பட்டா. அப்படியென்றால் கரண்டியை நீட்டிக்கொண்டு நிற்கிற அந்தம்மா… நானேதான். தலையைக் குனிந்து தட்டு துடைக்கிறவர் என் கணவர். ஒருக்களித்துச் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இதைப் பார்த்து வரைந்தது யார் என்று கேட்கவும் வேண்டுமா, நாத்தனார்தான், எங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்.

கண்டுபிடித்தவளும் நானே, அதுதான் கொடுமை. 'இந்த ஆண்டு கவனிக்க வேண்டிய ஓவியர்கள்' சிறப்பிதழுக்காக ஒரு மாதமாகப் பேருந்தில், படுக்கையில், குளியலறை வாசலில் என்று போனைத் தள்ளித் தள்ளித் தேடினேன், எல்லாரும் அதே நிலா, அதே பூனை, இதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் ரசிகர்கள் வேறு, அலுத்துப்போன நேரத்தில் 'கதவோரம்' என்று ஒரு பக்கம் அகப்பட்டது, ஆள் பெயர் இல்லை, முகம் இல்லை, தேய்ந்த சோப்பு, பாதி மடித்த போர்வை, யாரோ உதறிப் போட்ட செருப்பு, ஆனால் என்ன கோடு. பத்திரிகையின் பக்கத்திலிருந்து நானே எழுதினேன், இதுவரை வெளியிடாத படம் ஒன்று அனுப்புங்கள் என்று. இன்று காலை இது வந்தது. அந்தச் செருப்புகூட என்னுடையதாகத்தான் இருக்கும், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். முதலில் பார்ப்பது நான்தான் என்றும் தெரியும். பழி வாங்கவா அனுப்பினாள், இல்லை, நல்லதாக ஒன்று கேட்டார்கள், இருப்பதில் நல்லதை அனுப்பினாளா… அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் என்ன சொன்னேன், "உங்க தங்கச்சிக்கு இன்னும் எத்தனை நாளைக்கு நான் வடிச்சுக் கொட்டணும்?" அவர் "மெதுவா பேசு" என்றார், மெதுவாகத்தானே பேசினேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள், முகத்தில் ஒன்றுமில்லை, காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

"அப்ப இதையே அட்டையில போட்டுடலாம்" என்கிறார் ஆசிரியர். அட்டையிலா… கடை கடையாகக் கரண்டியோடு தொங்குவேன், எங்கள் குழாயைத் தெரியாத சொந்தக்காரர் யார் இருக்கிறார்கள். தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. வேண்டப்பட்டவர்கள் படம் இதழில் கூடாது, போன வருடம் ஆசிரியர் தன் மச்சானின் சூரிய அஸ்தமனத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மல்லுக்கு நின்று நான் கொண்டுவந்த விதி அது. எங்கள் வீட்டுப் பெண் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படம் போய்விடும், நேர்மையானவள் என்று பெயரும் கிடைக்கும். அவளுக்கு? இந்த அட்டை வந்தால் நாலு இடத்தில் வேலை வரும், தனக்கென்று ஓர் அறை பார்த்துக்கொள்வாள், நான் கேட்டதும் அதைத்தானே. வாயைத் திறந்தால் அவள் வாய்ப்பு போச்சு, மூடினால் என் மானம் போச்சு. உண்மை பேசுவது எனக்கு இவ்வளவு வசதியாக இருந்ததே இல்லை, அந்த வசதிதான் பயமாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் கண்… அவ்வளவு மோசமாகவா இருக்கிறது என் கண்?

"சார், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் வடிவமைப்பாளர் படத்தைப் பெரிதாக்கினாள். "இந்த நிழல் கோடெல்லாம் பாருங்க, சாய்வு மாத்தி விழுது. இவங்க இடது கைக்காரங்கன்னு நினைக்கிறேன். நீங்கதானே இவங்ககிட்ட பேசினீங்க, கேட்டீங்களா?" இடது கையா… தட்டை நீட்டினால் வாங்குகிற கை, வெங்காயம் நறுக்குகிற கை, என் துணிகளையும் சேர்த்து மடித்துவைக்கிற கை, எது, வலதா, இடதா, இரண்டு வருடமாக ஒரே மேசையில் எதிரெதிரே உட்காருகிறோம், தட்டு ஞாபகம் வருகிறது, அதில் அவள் இரண்டாம் தடவை எவ்வளவு போட்டுக்கொண்டாள் என்பதுகூட ஞாபகம் வருகிறது, கை வரவில்லை.

"என்னமோ சொல்ல வந்தீங்களே" என்றார் ஆசிரியர். எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தேன், அவளுக்கு எந்தக் கை என்றுகூடத் தெரியாமல்.